கடலுக்குக் காட்டிய சூடம்

எங்கள் வீட்டில் தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு. பருப்பு வேகுமா, வேகாதா? குழாயில் வருகிற தண்ணீரில் வேகாது. அது குளிக்க, பாத்திரம் கழுவ, மாட்டுக்குக் காட்ட. குளத்தங்கரை அடிபம்புத் தண்ணீரில் வேகும். அது உலைக்கும் குடிக்கவும். கோட்டுச்சேரியைத் தாண்டிக் கடலைப் பார்த்துப் போகிற பாதையில் இருக்கிற எங்கள் தெரு முழுவதுக்கும் அந்த ஒரு பம்புதான் சோறு போட்டது. போட்டது என்று இறந்த காலத்தில் எழுதுவதற்குக் கை கூசுகிறது.

கடல் இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில் அப்படி ஒரு நல்ல தண்ணீர் தானாகக் கிடைத்துவிடாது. ஊருக்குத் தெற்கே ஒரு வடிகால் ஆறு போகிறது. வயலில் மிஞ்சுகிற தண்ணீரைக் கடலில் கொண்டு விடுவது அதன் வேலை. மழைக்காலத்தில் ஒழுங்காகச் செய்யும். பங்குனி பிறந்து, மேலேயிருந்து தண்ணீர் வருவது நின்றுவிட்டால், ஆறு தலைகீழாகிவிடும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓதம் ஏறும்போது கடல் அதன் வழியாக உள்ளே வரும். எங்கள் குளத்துக்குப் போகிற வாய்க்கால் அந்த ஆற்றிலிருந்துதான் பிரிகிறது. அதனால் வாய்க்காலின் வாயில் வருஷா வருஷம் மண்சாக்கும் வைக்கோலும் களிமண்ணும் போட்டு ஒரு அடைப்பு கட்டுவோம். கொரம்பு என்று அதற்குப் பெயர். கொரம்புக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் போன மழையின் மிச்சம். அந்த மிச்சத்தை வைத்துத்தான் கோடையில் பருத்தி, குளம், பம்பு எல்லாம்.

வீட்டுக்கு வீடு கொரம்புக்குச் சாக்கு கொடுக்க வேண்டும். சாக்கு மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் பெயிண்டில் ஒரு குறி உண்டு. எங்களுடையது சிவப்பு வட்டம். கட்டுவது ஆண்கள் வேலை, சத்தமும் கெட்ட வார்த்தையுமாக நடக்கும். வெட்டுவது அப்படி இல்லை. ஆனியிலோ ஆடியிலோ மேட்டூர்த் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து சேர்ந்த பிறகு, நல்ல தண்ணீர் கொரம்பில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் வெட்டுவோம். அன்றைக்குச் சூடம், மஞ்சள் தண்ணீர், உதிரிப்பூ, ஒரு பிடி விதைநெல் எல்லாம் உண்டு. பெண்கள்தான் முதலில் இறங்குவார்கள். முதல் கையை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார்கள். இரண்டாவது கையை வாயில் வைப்பார்கள். கொரம்பை வெட்டுகிறார்கள் என்றால் எங்கள் ஊரில் அதற்கு வேறு காரணமே கிடையாது. தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான்தான். அப்பா கையெழுத்து போடுவார். ஆனால் அது எழுத்தல்ல, பார்த்துப் பழகிய ஒரு படம். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நான் காரைக்காலில் கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்தேன். ஒருநாள் ஆய்வகத்துக்கு அவரவர் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் பம்புத் தண்ணீரை எடுத்துப் போயிருந்தேன். சோதித்துப் பார்த்த ஆசிரியர், "இது எந்த ஊருப்பா? கடற்கரையில இவ்வளவு நல்ல தண்ணியா?" என்று கேட்டார். அம்மா பருப்பை வைத்துச் சொல்வதைப் புத்தகம் வேறு பெயர் வைத்துச் சொல்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், நான் படிப்பது என் வீட்டுக்குச் சம்பந்தம் உள்ள படிப்பு என்று ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் என்னைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொண்டு போனது.

ஆறு, கடல், குடிநீர் மூன்றையும் காப்பதாகச் சொல்லும் நிறுவனம் அது. தலைமை அலுவலகம் சென்னையில். இங்கே கோவில்பத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நான் களப்பணியாளர். பேனா மாதிரி இருக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் கொடுத்தார்கள். ஊர் ஊராகப் போய்த் தண்ணீரில் உள்ள உப்பின் அளவைப் பார்ப்பேன். தெருவில் எனக்குத் 'தண்ணி டாக்டர்' என்று பெயர். நிறுவனத்துக்குத் 'தண்ணி கம்பெனி'. அப்பா டீக்கடையில், "எம் மவன் தண்ணி ஆபீஸுல இருக்கான்" என்று சொல்லிக்கொள்வார். அரசாங்க ஆபீஸ் இல்லை என்று நான் திருத்தினால், "சரிதான்டா, ஆபீஸ்தானே?" என்பார்.

இந்தக் கிளையைப் பார்த்துக்கொண்ட மேடம் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெயிலில் நடப்பார். சேற்றில் இறங்குவார். இறால் பண்ணைக் கழிவை ஆற்றில் விட்ட ஒருவரிடம் நேருக்கு நேர் நின்று சண்டை போட்டிருக்கிறார். அவர் மாதிரி பேச வேண்டும் என்று வீட்டில் நான் தனியாகப் பேசிப் பார்த்ததும் உண்டு. அவரிடம் ஒரே ஒரு பழக்கம். என்னிடம் எதைச் சொல்லி முடித்தாலும், "நீங்கதானே நம்ம லோக்கல்" என்பார். முதலில் அது எனக்குப் பட்டம் மாதிரி இருந்தது.

ஆனி மாதம், அமாவாசைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஆற்றை முகத்துவாரம் வரைக்கும் சுத்தம் செய்வதாக ஏற்பாடு. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பஸ் பஸ்ஸாகக் கல்லூரிப் பிள்ளைகள். இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அதனால் முந்தின வாரக் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொன்னேன்.

"மேடம், பாலத்துக்குக் கிழக்க, வாய்க்கா வாயில சாக்கு போட்டு அடைச்சிருக்கும். அது குப்பை இல்ல, கொரம்பு. கடத்தண்ணி உள்ள வராம இருக்க ஊர்க்காரங்க போட்டது. அதத் தொடக் கூடாது."

"கண்டிப்பா. நீங்க அங்கதானே நிக்கப் போறீங்க, பாத்துக்கங்க. நீங்கதானே நம்ம லோக்கல்."

அன்றைக்குக் காலையில் கொரம்புப் பக்கமாகத்தான் நின்றேன். பிள்ளைகள் நன்றாகவே வேலை செய்தார்கள். பாலத்தடியில் கிடந்த பாட்டிலும் தெர்மாகோலும் செருப்பும் சீக்கிரத்திலேயே மூட்டையாகிவிட்டன. வந்திருந்த கைகளுக்கு எங்கள் ஆற்றின் குப்பை போதவில்லை. அப்போது மேடம் பாலத்தின் மேலிருந்து என்னைக் கூப்பிட்டார். டிவிக்காரர்கள் அவருக்கு மைக் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாட்டு வண்டி கோவில்பத்துல நின்னுடுச்சாம். டிரைவருக்கு வழியும் தெரியல. நீங்க போய்க் கூட்டிட்டு வந்துடுங்க."

"வேற யாராச்சும் போகட்டுமே மேடம். நான் இங்க கொரம்புகிட்ட..."

"வேற யாருக்கு இங்க வழி தெரியும்? பசங்க பசியோட இருக்காங்க. போங்க, நீங்கதானே லோக்கல்."

பக்கத்தில் நின்ற சென்னை ஒருங்கிணைப்பாளரிடம், அவனும் என் வயசுதான், கையைப் பிடித்துச் சொன்னேன். "அந்தச் சாக்கு அடைப்ப மட்டும் தொட விடாதீங்க." போனைப் பார்த்துக்கொண்டே, "ஓகே ப்ரோ, ஓகே ப்ரோ" என்றான்.

கோவில்பத்தில் வண்டியின் டயர் கிழிந்து கிடந்தது. டிரைவர் வேப்ப மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து, சாம்பார் சாத அண்டாக்களை மாற்றி ஏற்றி, வழியெல்லாம் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். திருப்பத்தில் சாம்பார் சிந்தி என் சட்டையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அந்த நேரத்தில் வாய்க்கால் வாயில் நடந்ததைப் பிறகு அம்மா சொல்லியும், தெருக்காரர்கள் திட்டியும்தான் தெரிந்துகொண்டேன்.

செய்வதற்கு வேலை இல்லாமல் நின்ற பிள்ளைகளில் யாரோ ஒருவர் கொரம்பைப் பார்த்திருக்கிறார். வெயிலில் வெளுத்துக் கிழிந்து தொங்கும் பிளாஸ்டிக் சாக்குகள். பாசி. அதற்கு இந்தப் பக்கம் ஓடாமல் நிற்கிற தண்ணீர். படித்த கண்ணுக்கு அது ஆற்றின் கழுத்தைப் பிடித்த குப்பைதான். ஒருங்கிணைப்பாளன், "செம ப்ளாக்டா இது" என்று சொன்னானாம். நான் கையைப் பிடித்துச் சொன்னது அவன் காதில் விழுந்து, மனதில் விழவில்லை. சாக்குகளை ஒவ்வொன்றாக உருவி, கத்தியால் கிழித்து மண்ணைக் கொட்டி, வெறும் சாக்கைக் குப்பை டிராக்டரில் ஏற்றியிருக்கிறார்கள். பாட்டும் கைதட்டலுமாக வேலை நடந்திருக்கிறது.

அந்த வழியாக மொபெட்டில் கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார் எங்கள் பங்காளி வீட்டுப் பெரியப்பா. பருத்தி போட்டிருப்பவர். வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறார். கொரம்பை வெட்டுகிறார்கள். நம் தெருப் பையனின் கம்பெனிப் பேனர் கட்டியிருக்கிறது. மேட்டூர் திறந்த செய்தியை டிவியில் பார்த்துவிட்டு ஊரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது? வண்டியைத் திருப்பிக்கொண்டு தெருவுக்குள் வந்து, "தண்ணி வந்துட்டு! கொரம்ப வெட்றாங்க! ஒருத்தருகிட்டயும் சொல்லாம வெட்றான் பாரு நம்ம தண்ணி டாக்டரு!" என்று கத்திக்கொண்டே போயிருக்கிறார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டில் சூடம் எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அண்ணி மஞ்சள் கரைத்தாள். பூவுக்கு யார் வீட்டு நந்தியாவட்டையையோ மொட்டையடித்திருக்கிறார்கள். விதைநெல் எங்கள் வீட்டிலிருந்து. மகன் கொண்டு வருகிற தண்ணீர் என்பதால் அம்மாவை முன்னால் விட்டிருக்கிறார்கள்.

இவர்கள் வரிசையாக வருவதைப் பார்த்த பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சுத்தமான ஆற்றை வாழ்த்த ஊர் மக்கள் வருகிறார்கள் என்று நினைத்தார்கள். வேறு எதை நினைப்பார்கள்? தண்ணீர் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அம்மா சூடத்தைச் சுற்றிக் காட்டினாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பூவையும் நெல்லையும் தூவினார்கள். முதல் கையைத் தலையில் தெளித்துக்கொண்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாவது கையை வாயில் வைத்தாள்.

துப்பினாள்.

"உப்புடி! அய்யய்யோ, உப்புத்தண்ணிடி இது! அடைங்கடா, யாராச்சும் அடைங்கடா!"

கைதட்டல் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிற்கவில்லையாம்.

நான் அண்டாவோடு வந்து இறங்கியபோது அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்வெட்டியால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளுகிற மண்ணைத் தண்ணீர் கரைத்துக் குளத்தின் பக்கமாகக் கொண்டு போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா கரையில் நின்றார். என் சட்டையில் சிந்திய சாம்பாரை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க சார். சோறு கொண்டாந்தீங்களா? உப்பு போட்டிருக்கா? இல்லாட்டி வாய்க்கால்ல அள்ளிக்கங்க. உங்க கம்பெனி நெறைய வுட்டிருக்கு."

"பெரியப்பா, நான் சொல்லிட்டுத்தான் போனேன்..."

"யாருகிட்டடா சொன்ன? எங்ககிட்ட சொன்னியா? ஊரக் கூட்டிட்டு வந்து உட்டுட்டு சோறு வாங்கப் போயிட்டான், தொர!"

அப்பா தண்ணீரிலிருந்து தலையை நிமிர்த்தி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "சாக்கு எங்கடா?"

சாக்கு டிராக்டரில் ஏறிப் போயிருந்தது. குப்பை பிரிக்கிற இடத்துக்கு. எங்கள் சிவப்பு வட்டம் போட்ட சாக்கு ஒன்று மட்டும் பேனருக்குக் கீழே கிழிந்து கிடந்தது.

மேடம் மைக்கைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். முகம் வெளுத்ததை நானே பார்த்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது வேறொருவர் பேசுகிற மாதிரி இருந்தது.

"ஒரு சிவப்புத் துணியாவது கட்டி வெச்சிருக்கலாமே நீங்க?"

"மேடம், கூட்டத்துல சொன்னேனே."

"சொன்னீங்க, சரி. ஆனா பாருங்க, அது அத்தனையும் பிளாஸ்டிக். பசங்க மேல தப்பு சொல்ல முடியாது." குரலைத் தாழ்த்தினார். "வந்த தண்ணி அடுத்த இறக்கத்துல திரும்பிப் போயிடும்ல?"

வந்த தண்ணீர் போகும். வந்த உப்பு போகாது. வேதியியல் படிக்காத பெரியப்பா கூடச் சொல்வார் அதை. நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன்.

சாக்குக்கு வீட்டுக்கு வீடு ஓடினார்கள். இருந்ததையெல்லாம் கொரம்புக்குக் கொடுத்துவிட்ட பிறகு யார் வீட்டில் காலிச் சாக்கு இருக்கும்? அம்மா விதைநெல்லைத் தரையில் கொட்டிவிட்டுச் சாக்கை உதறிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளில் சிலர் சேற்றில் இறங்கி எங்களோடு மண் தூக்கினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே தூக்கினாள். பஸ் ஹாரன் அடித்ததும் அவர்களும் கரையேற வேண்டியதாகிவிட்டது. போக வேண்டிய தூரம் அவர்களுக்கு. சாம்பார் சாதத்தை ஒருவரும் தொடவில்லை. மூடி திறந்த அண்டாவில் காக்கை உட்கார்ந்திருந்தது. அடைத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளே வந்த கடல் உள்ளேயே நின்றது.

கொரம்புக்குப் புதுச் சாக்கு வாங்கித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டேன். பிளாஸ்டிக் சாக்கு வாங்குவது நிறுவனத்தின் கொள்கைக்கு ஒத்துவராது, சணல் சாக்குக்கு ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். சணல் சாக்கு இன்றுவரை வரவில்லை.

முதலில் பருத்தி காட்டியது. இலையின் ஓரம் தீயில் வாட்டிய மாதிரி கருகியது. பெரியப்பா செடியோடு பிடுங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார். அவர் பேசாமல் போனது அதுதான் முதல் தடவை. பிறகு குளம். கடைசியாகப் பம்பு. தினமும் காலையில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்று இலக்கத்தில் நின்றிருந்த எண் ஏறிக்கொண்டே போய் ஒருநாள் நான்காவது இலக்கத்தைத் தொட்டது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, கரண்டியில் எடுத்த பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நசுங்கவில்லை. அன்றைக்குக் குழம்பில் பருப்பு தனித்தனியாக மிதந்தது. அப்பா பிசைந்து சாப்பிட்டார். பல்லில் கடிபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஊர் நஷ்டஈடு கேட்கவில்லை. கோயில் வாசலில் கூடிப் பேசி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள். பெரியப்பாதான் என்னிடம் வந்து சொன்னார்.

"உங்க மேடத்த ஒருநா வரச் சொல்லு. இங்க வந்து, தப்பு எங்களோடதுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நாங்க ஒண்ணும் அடிச்சுப்புட மாட்டோம். டீ வாங்கிக் குடுத்து அனுப்புறோம். ஆனா சொல்லணும். இல்லன்னா உங்க அப்பன் இனிமே கொரம்பு வேலைக்கு வர வேணாம், சாக்கும் தர வேணாம்."

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தண்டனையாகவே தெரியாது. வேலை மிச்சம் என்று தோன்றும். எங்கள் சாக்கு இல்லாத கொரம்பில் எங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று அர்த்தம். அப்புறம் வாய்க்கால் தண்ணீரில் முறை கேட்க அப்பாவுக்கு வாய் இருக்காது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"எனக்கும் தூக்கம் வரல, தெரியுமா?" என்றார். பொய் இல்லை, கண்ணில் தெரிந்தது. "ஆனா நான் அங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா, அதை ஒருத்தர் போன்ல எடுப்பாங்க. அந்த இறால் பண்ணைக்காரங்க கையில அது கிடைக்கும். இத்தனை வருஷ வேலையும் போயிடும். ஒரு ஊருக்காகப் பத்து ஊர விட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"அந்த ஒரு ஊருதான் மேடம் எங்க ஊரு."

"அதனாலதான் சொல்றேன். நீங்க எடுத்துச் சொன்னா அவங்க கேப்பாங்க. நீங்கதானே..." என்று ஆரம்பித்தவர், அன்றைக்கு மட்டும் அதை முடிக்கவில்லை.

மேட்டூர்த் தண்ணீர் அந்த வருஷம் எங்கள் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குளத்தை அலசிவிட அது போதவில்லை. ஐப்பசி மழையில் சரியாகிவிடும் என்றார்கள். மழை பெய்தது. குளம் கொஞ்சம் தெளிந்தது. பம்பு தெளியவில்லை. அம்மா அடுத்த ஊர்ப் பம்புக்குக் குடம் தூக்கிப் போக ஆரம்பித்தாள். அங்கே பெண்கள், "தண்ணி கம்பெனிக்காரர் அம்மா வர்றாங்க, வழி வுடுங்கடி" என்று சிரிப்பார்களாம். அம்மா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குடத்தை இறக்குகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிறுவனத்தின் ஆண்டுவிழா புதுச்சேரியில், குளிர்சாதன அரங்கில் நடந்தது. நிதி கொடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மையார் முன்வரிசையில். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஊர் மக்கள் பேசுவதை மொழிபெயர்க்க வேண்டி வரலாம் என்று. இஸ்திரி போட்ட சட்டையோடு ஓரமாக நின்றேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டார்கள். எங்கள் ஆறு. எங்கள் பாலம். சாக்குகளை உருவுகிற பிள்ளைகள். வீணை இசை. அப்புறம் திரை முழுக்க என் அம்மா. சூடத்தட்டு, மஞ்சள் தண்ணீர், பூ. மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். தலையில் தெளித்துக்கொள்கிறாள். வாயில் வைக்கிறாள். உதடு அசைகிறது. அங்கே வெட்டிவிட்டார்கள். துப்புவது இல்லை. உதடு அசைவதோடு படம் அப்படியே நின்றது. 'விடுவிக்கப்பட்ட ஆற்றை வரவேற்கும் மக்கள்' என்று எழுத்து வந்தது. அரங்கம் கைதட்டியது.

விளக்கு வந்ததும் அந்த அம்மையார் கையைத் தூக்கினார். அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அவ்வளவு அழகான முகமாம். மேடம் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னாரா, நீயே பார்த்துக்கொள் என்று சொன்னாரா, இன்னும் எனக்குப் புரியவில்லை. யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் உப்பு என்று சொல்கிறார். ஆற்றை யாரும் விடுவிக்கவில்லை. கடல் உள்ளே வராமல் ஊர்க்காரர்கள் போட்டிருந்த அடைப்பை நாங்கள் தவறுதலாகப் பிடுங்கிவிட்டோம். நல்ல தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்து அவர் கடலுக்குச் சூடம் காட்டிவிட்டார். இப்போது எங்கள் பம்பில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அவர் என் அம்மா.

இனி வேலை போகும், போகட்டும், ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சபையில் சொல்லியாகிவிட்டது, இனி இவர்கள் வாயிலிருந்தும் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

மேடம் மைக்கை எடுத்தார். ஒரே ஒரு நொடி தடுமாறினார்.

"நன்றி. இந்தத் தம்பி எவ்வளவு நேர்மையாகச் சொன்னார், பார்த்தீர்களா? களத்திலிருந்து வருகிற குரல் இது. டெல்டாவின் கடைமடையில் கடல்நீர் உட்புகுவதுதான் இன்றைக்கு மிகப் பெரிய ஆபத்து. எங்கள் அடுத்த திட்டமே அதுதான். இவருடைய கிராமத்தைத்தான் முன்மாதிரிக் கிராமமாக எடுக்கப் போகிறோம்."

அந்த அம்மையார் முதலில் எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். படம் முடிந்தபோது தட்டியதை விடப் பலமாகத் தட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் என் முதுகில் தட்டிக் கொடுத்து, "சூப்பர் ப்ரோ" என்றார். சென்னை ஒருங்கிணைப்பாளன்தான். திரும்பிப் பார்க்காமல் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியில் மேடத்திடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அம்மா குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கொரம்பு வேலைக்கு வீட்டுக்கு வீடு ஆள் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் வாசலில் ஒருவரும் வந்து கூப்பிடவில்லை.

"பெரிய எடத்துல போயிட்டு வந்தியே, நம்ம வெவரத்தச் சொன்னியா?" என்று அம்மா கேட்டாள்.

"சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அப்பாவின் கை கயிற்றில் நின்றது. "அதுக்கு என்னா சொன்னாங்க?"

"கை தட்டுனாங்க."

அப்பா மறுபடியும் திரிக்க ஆரம்பித்தார். அம்மா குடத்தைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை வாசலில் ஊற்றினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த ஊரைப் பார்த்து நடந்தாள்.